கத்திரியாரும் சிவப்பு மஃப்ளரும்

டிவி நிகழ்ச்சிகளில் வருகிற பெண்கள் மொத்தமே நாலு ரகம்தான் என்பது கத்திரியாரின் வாழ்நாள் கண்டுபிடிப்பு. அழுமூஞ்சி, வாயாடி, சதிகாரி, மினுக்கி. ஐந்தாவது ரகம் இன்னும் பிறக்கவில்லை. அப்படியே பிறந்து வந்தாலும் அவருடைய எடிட்டிங் அறைக்குள் நுழைந்துவிட்டால் போதும், ஒரு டீ குடிக்கிற நேரத்தில் நாலில் ஒன்றாக மாற்றிக் கையில் கொடுத்துவிடுவார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கும் உண்டு. ஆனால் எடிட்டராக வேலைக்குச் சேர்ந்த வாரமே ஆபீசில் எல்லாரும் கத்திரி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். தலையில் முடி குறைந்து வயிறு முன்னால் வந்தபிறகு மரியாதைக்கு ஒரு 'யார்' சேர்ந்துகொண்டது. இப்போது பேங்கில் கூப்பிட்டால்கூட கத்திரியார் என்றால்தான் திரும்பிப் பார்ப்பார்.

அவர் வெட்டி ஒட்டுகிற நிகழ்ச்சிக்குப் பெயர் 'கூட்டுக்குள்ளே'. கொஞ்சம் பெண்களை ஒரு வீட்டுக்குள் விட்டுக் கதவைப் பூட்டி, மூலைக்கு மூலை கேமரா வைத்துவிடுவார்கள். உள்ளே அவர்கள் சமைப்பார்கள், தூங்குவார்கள், துணி காயப்போடுவார்கள். வெளியே ஜனங்கள் பார்த்துவிட்டு, யாரைப் பிடிக்கவில்லையோ அவரை ஓட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்புவார்கள். கடைசி வரை தாக்குப்பிடிக்கிறவருக்கு ஒரு புதுக் கார் பரிசு.

நீங்கள் நினைக்கலாம், துணி காயப்போடுவதை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று. அங்கேதான் கத்திரியார் நிற்கிறார். திங்கட்கிழமை ஒரு பெண் சோம்பலில் கொட்டாவி விட்டிருப்பாள். வெள்ளிக்கிழமை இன்னொருத்தி அம்மாவை நினைத்து அழுதிருப்பாள். அந்த அழுகைக்குப் பக்கத்தில் இந்தக் கொட்டாவியை ஒட்டினால் முடிந்தது கதை. ஊரே சேர்ந்து கொட்டாவி விட்டவளைக் கல்நெஞ்சக்காரி என்று திட்டும். நாக்கைக் கடித்துக்கொண்டு ஒருத்தி முகம் சுளித்தால் அதைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்வார். பொறாமைக்கு உதவும்.

இந்தத் தொழில் ரகசியங்களைப் பற்றி அவர் வெளியில் யாரிடமும் மூச்சு விடமாட்டார். வீட்டில், சாப்பாட்டு மேஜையில், மனைவியிடம் மட்டும் ஒன்று விடாமல் சொல்லுவார்.

"இன்னிக்கு ஒரு பாடகியை மினுக்கி ஆக்கிட்டேன்."

"அவங்க மினுக்கினாங்களா?"

"கண்ணாடி முன்னாடி நின்னா. பல்லுல ஏதோ மாட்டிக்கிச்சு, எடுத்துக்கிட்டிருந்தா. நான் கொஞ்சம் இழுத்து, மெதுவா ஓட விட்டு, அடியில ஒரு மியூசிக் போட்டேன்."

"பல்லுல மாட்டினது வந்துச்சா?"

"அதை வெட்டிட்டேன்."

மனைவி மேஜைக்குக் கீழே வலது காலால் தரையை ஒரு அழுத்து அழுத்தினாள்.

அது தொழிலில் வந்த பழக்கம். அவள் ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற டீச்சர். ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்காருகிற டீச்சருக்கு ஒரு பிரேக் என்று அந்தக் காரில் இரண்டு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்கிறவர் லாரியைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு கத்துவார். அவள் கத்தமாட்டாள். காலை அழுத்திவிட்டு, "இப்ப கண்ணைத் திறங்க, லாரி போயிடுச்சு" என்பாள். அவ்வளவுதான் அவள் பேச்சு.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை. ஊரான் காரில் ஊரான் போர்டை மாட்டிக்கொண்டு ஊரான் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தது போதும், சொந்தமாக ஒரு டிரைவிங் ஸ்கூல் தொடங்க வேண்டும். அதற்குச் சொந்தமாக ஒரு கார் வேண்டும். கத்திரியாரிடம் கேட்டபோதெல்லாம் அவர் "பாக்கலாம்" என்றார். அந்தப் பாக்கலாமுக்கு வயதாகி, இந்நேரம் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தால் நாலு வகுப்பு தாண்டியிருக்கும்.

இப்படியாக இருக்கையில் ஒருநாள் சாயங்காலம் மனைவி தண்ணீர் டம்ளரை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"நான் செலக்ட் ஆயிட்டேன்."

"எதுக்கு?"

"உங்க கூட்டுக்குள்ளேக்கு."

கத்திரியார் குடித்த தண்ணீர் வழி தவறி மூக்குப் பக்கம் போனது. இருமி முடித்து, கண்ணைத் துடைத்து, ஒருவழியாக மூச்சை மீட்டார்.

"யாரைக் கேட்டுப் போட்டே?"

"உங்களைத்தான் கேட்டேன். நீங்க ஃபோன் பாத்துக்கிட்டிருந்தீங்க. 'ம்'னீங்க."

"ஃபோன் பாக்கும்போது நான் எல்லாத்துக்கும்தான் 'ம்'னுவேன்."

"அதனாலதான் அப்ப கேட்டேன்."

"எங்க ஆளுங்க குடும்பத்துல இருந்து யாரும் கலந்துக்கக் கூடாதுன்னு விதி இருக்கு. தெரியுமா?"

"தெரியும். மீறினா அந்த ஆளோட வேலையும் சேந்து போகும்னு இன்னொரு விதி இருக்கு. நீங்கதான் சொன்னீங்க. போய்ச் சொல்லுங்க. ரெண்டு பேரும் வீட்டுல உக்காந்து நிம்மதியா டிவி பாக்கலாம்."

கத்திரியார் வேறு ஓட்டையைத் தேடினார்.

"உன் புருஷன் என்ன பண்றார்னு கேட்டிருப்பாங்களே."

"கேட்டாங்க. வெட்டி ஒட்டுற வேலைன்னேன். பேப்பர் பூ செய்றவர் போலிருக்குன்னு அவங்களே நினைச்சுக்கிட்டாங்க. நான் மறுக்கல."

வேலையைப் பற்றிக்கூட அவருக்குப் பெரிய கவலை இல்லை. அவர் பயந்தது தன் சித்தப்பாவுக்குத்தான். எந்த விசேஷத்துக்குப் போனாலும் சித்தப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, உறவுக்கூட்டம் மொத்தமும் கேட்கும்படி அந்த நாலு ரகத்தை விரலை மடக்கி மடக்கி விளக்கியிருக்கிறார். "இதெல்லாம் குடும்பப் பொம்பளைங்க வர்ற இடமா சித்தப்பா" என்று முடிப்பார். இப்போது சொந்தப் பெண்டாட்டி டிவியில் வந்து நின்றால் சித்தப்பா என்ன கேட்பார்? உன் பொண்டாட்டி எந்த ரகம்டா என்று கேட்பார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. மானம் போகப்போகிறது.

அன்றைக்குக் கத்திரியார் ஒரு சபதம் எடுத்தார். அவளை உள்ளே போகவிட வேண்டியதுதான். ஆனால் முதல் ஓட்டிலேயே ஜனங்கள் அவளைத் துரத்தியடிக்கும்படி வெட்டி ஒட்டிவிட வேண்டும். சித்தப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் அவள் வீடு திரும்பியிருக்க வேண்டும். கையில் கத்திரி இருக்கும்போது கவலை எதற்கு என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

மனைவி ஒரு பெட்டியும் ஒரு பையுமாகக் கிளம்பினாள். பையில் சிவப்புக் கம்பளி நூல்கண்டும் இரண்டு பின்னல் ஊசியும் இருந்தன.

"இது எதுக்கு?"

"சும்மா உக்காந்திருக்க முடியாது. மஃப்ளர் பின்றேன்."

பின்னட்டும், பாவம் என்று விட்டுவிட்டார். அந்தப் பையை மட்டும் அவர் பிடுங்கி வைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

எடிட்டிங் அறை ஒரு குளிர்சாதனப் பெட்டிக்குள் நாற்காலி போட்ட மாதிரி இருக்கும். ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்கத் திரைகள். ஒவ்வொரு திரையிலும் அந்த வீட்டின் ஒவ்வொரு மூலை. கத்திரியார் கதவைச் சாத்திக்கொண்டு, முதல் வேலையாகப் பெண்களை ரகம் பிரித்தார். பஸ் கண்டக்டர் ஒருத்தி வந்திருந்தாள், குரல் எட்டு ஊருக்குக் கேட்கும். வாயாடி. நர்ஸ் ஒருத்தி, வந்ததிலிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். புதுப் பெயின்ட் வாசனை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். ஆனால் பெயின்ட் டிவியில் மணக்காதே. அழுமூஞ்சி.

மனைவிக்கு வந்தபோது கொஞ்சம் யோசித்தார். அவள் கத்தவில்லை, அழவில்லை, கண்ணாடிப் பக்கம் போகவில்லை. சோபாவில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்காதவள் சதிகாரி. இது தொழிலின் அரிச்சுவடி. அதற்கேற்ற பார்வையும் அவளிடம் இருந்தது. கார் ஓட்டுகிற பழக்கத்தில் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை வலது பக்கம் ஒரு பார்வை, இடது பக்கம் ஒரு பார்வை பார்ப்பாள். பின்னால் ஏதாவது வண்டி வருகிறதா என்று சோபாவில் உட்கார்ந்தும் பார்க்கிறவள் அவள் ஒருத்திதான்.

கத்திரியாருக்கு அல்வா கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. நர்ஸ் கண்ணைத் துடைக்கிறாள், வெட்டு, மனைவி ஓரக்கண்ணால் பார்க்கிறாள். கண்டக்டர் கத்துகிறாள், வெட்டு, மனைவி மறுபடி ஓரக்கண்ணால் பார்க்கிறாள். அடியில் பாம்பு ஊர்கிற மாதிரி ஒரு மியூசிக். போட்டுப் பார்த்தார். தன் பெண்டாட்டியைப் பார்த்துத் தனக்கே பயமாக இருந்தது. அந்த மட்டும் திருப்தி.

நிகழ்ச்சி ஒளிபரப்பான மறுநாள் காலை தயாரிப்பாளர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். அவர் குள்ளமான மனிதர். ஆனால் ஓட்டுக் கணக்கு குறைந்தால் குரல் மட்டும் உயரும்.

"கத்திரி, அந்த டிரைவிங் டீச்சர் மடியில இருக்கிறது என்ன?"

"மஃப்ளர் சார்."

"அது என்ன மூச்சு விடுதா? ஒரு நேரம் ஒரு ஜாண் இருக்கு. அடுத்த நிமிஷம் தரையைத் தொடுது. அடுத்த நிமிஷம் திரும்ப ஒரு ஜாண். ஃபோன் மேல ஃபோன். அந்தம்மா பின்றாங்களா பிரிக்கிறாங்களான்னு ஊரே கேக்குது."

கத்திரியார் திரையைப் பார்த்தார். அந்தப் பார்வைகளை அவர் வேறு வேறு நாளிலிருந்து எடுத்திருந்தார். முகத்தைப் பார்த்தாரே தவிர மடியைப் பார்க்கவில்லை. எது முந்தி எது பிந்தி என்று அந்த மஃப்ளர் ஊருக்கே காட்டிக்கொடுத்துவிட்டது.

ஜனங்கள் அவளை வெளியே அனுப்பவில்லை. மஃப்ளர் அடுத்த தடவை எப்போது சுருங்கும் என்று பார்ப்பதற்காகவே ஓட்டுப் போட்டு உள்ளே வைத்தார்கள்.

சரி, மஃப்ளர் தெரியாமல் முகத்தை மட்டும் எடுப்போம் என்று அடுத்த வாரம் இறங்கினார். மனைவி அந்த வாரம் முழுக்க மஃப்ளரைத் தாடைக்குக் கீழே தூக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணி எண்ணினாள். முகம் இருக்கிற இடத்தில் எல்லாம் சிவப்பும் இருந்தது. மஃப்ளரை மறைக்க ஒரு பூந்தொட்டிப் படத்தை அவள் மடியில் ஒட்டினார். அவள் எழுந்து நடந்தாள். பூந்தொட்டியும் கூடவே எழுந்து சமையலறைக்குப் போனது. தயாரிப்பாளர் மறுநாள் கதவைத் தள்ளவில்லை, உதைத்துக்கொண்டு வந்தார்.

"இவளை விடு, மத்தவங்களை வச்சு ஒப்பேத்துவோம்" என்று கத்திரியார் மனசைத் தேற்றிக்கொண்டு வேறு திரையைப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார். சோபா முழுக்கப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தயாரிப்பாளரிடம் கேட்டு வாங்கிய நூல்கண்டு, ஒவ்வொருத்தி கையிலும் இரண்டு ஊசி. கண்டக்டர் கையில் பச்சை, நர்ஸ் கையில் மஞ்சள். நடுவில் அவர் மனைவி, "ஊசியை இடது பக்கம் திருப்புங்க, அவசரமில்ல, பின்னாடி யாரும் ஹாரன் அடிக்கல" என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அத்தோடு அவருடைய கத்திரிக்குப் பூட்டு விழுந்தது. ஒருத்தியின் கொட்டாவியை இன்னொருத்தியின் அழுகைக்குப் பக்கத்தில் ஒட்டமுடியாது. பச்சை சொல்லிவிடும். மஞ்சள் சொல்லிவிடும். வேறு வழியில்லாமல், நடந்ததை நடந்த வரிசையிலேயே போட்டார். தொழிலில் அவருக்கு இப்படி ஓர் அவமானம் அதுவரை நேர்ந்ததில்லை.

விபரீதம் என்னவென்றால் ஜனங்களுக்கு அது பிடித்துவிட்டது. கண்டக்டர் கத்தியது சண்டைக்கு இல்லையாம். சமையலறை வாசலில் கூட்டம் சேர்ந்தால் பழக்கதோஷத்தில் "உள்ள போங்க, உள்ள போங்க, உள்ள காலியாத்தான் இருக்கு" என்பாளாம். ஊரே சிரித்தது. நர்ஸ் அழவே இல்லை என்பதும், ராத்திரி யாருக்கு இருமல் வந்தாலும் எழுந்து போய் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறவள் அவள்தான் என்பதும் தெரிந்தபோது, அவளைத் திட்டியவர்களுக்கே சங்கடமாகிவிட்டது.

சித்தப்பா ஃபோன் செய்தார்.

"ஏண்டா, நாலு ரகம்னியே. உன் பொண்டாட்டி எந்த ரகம்?"

"போகப் போகத் தெரியும் சித்தப்பா."

"எனக்கு இப்பவே தெரியுதுடா. அந்தப் பொண்ணு தங்கம். எவனோ ஒரு எடிட்டர்தான் சதிகாரன்."

கத்திரியார் ஃபோனை வைத்தார். எடிட்டர் யார் என்று சித்தப்பாவுக்குத் தெரியும். சித்தப்பாவுக்குத் தெரியும் என்பது இவருக்கும் தெரியும்.

இதற்கு மேலும் ஒரு கொடுமை இருந்தது. அந்த வீட்டில் ஒரு தனி அறை உண்டு. பெண்கள் ஒவ்வொருத்தராக அங்கே போய்க் கேமராவிடம் மனசில் இருப்பதைக் கொட்டலாம், வீட்டாருக்குச் சேதி சொல்லலாம். மற்றவர்கள் குழந்தையை விசாரிப்பார்கள், கண் கலங்குவார்கள். கத்திரியாரின் மனைவி அங்கே உட்கார்ந்து வீட்டு நிர்வாகம் நடத்தினாள்.

"எங்க வீட்டுப் பேப்பர் பூக்காரருக்கு ஒரு சேதி," என்றாள் திரையில். "குளியலறைக் குழாய் சொட்டும். லேசா இடது பக்கம் தட்டணும்."

கத்திரியார் தனியாகத்தானே இருக்கிறோம் என்று வாயைத் திறந்தார். "தட்டிட்டேன்."

திரையில் அவள் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு, "வலது பக்கம் தட்டியிருந்தா இன்னும் கொட்டும்" என்றாள்.

"கொட்டுது. சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல."

"நான் சொல்லிட்டுத்தான் வந்தேன். அவர் ஃபோன் பாத்துக்கிட்டிருந்தார்."

"எப்பப் பாரு ஃபோனையே சொல்லு."

"ஃபோனைச் சொன்னா அவருக்குக் கோபம் வரும்."

"எனக்கா கோபம்? எனக்கு ஏன் கோபம் வருது?" என்று கத்திரியார் மேஜையைக் குத்தினார்.

திரையில் அவள் நூலை ஒரு சுற்றுச் சுற்றினாள். "மேஜையைக் குத்தினா கைதான் வலிக்கும்."

கத்திரியார் கையை உதறிக்கொண்டே திரையை முறைத்தார். நீங்களே சொல்லுங்கள், இது முந்தின நாள் எடுத்த படம். அவள் பேசி முடித்துத் தூங்கி எழுந்துவிட்டாள். ஆனால் எங்கே இவர் வாய் திறப்பார், எங்கே மூடுவார், எங்கே குத்துவார் என்று அவளுக்கு அவ்வளவு துல்லியம். சரியாக அந்த அளவுக்கு இடைவெளி விட்டுவிட்டு, அடுத்த வரியை ஆரம்பிப்பாள்.

நாள் ஆக ஆக அவருக்கு அந்த அறைக் காட்சிக்காகவே ஆபீஸ் போகிற மாதிரி ஆகிவிட்டது. சாப்பாட்டைக்கூடத் திரைக்கு முன்னால் வைத்துச் சாப்பிட்டார்.

"இந்நேரம் சட்டை எல்லாம் ஒண்ணாப் போட்டுத் துவைச்சிருப்பார். எல்லாம் நீலமாயிருக்கும்."

"ஒண்ணுதான் நீலமாச்சு. மிச்சம் இளநீலம்."

"உடம்பைப் பாத்துக்கச் சொல்லுங்க."

"நீ வீட்டுக்கு வாயேன். நான் பண்ணினது தப்புதான். உன்னை வெளியே அனுப்பணும்னுதான் அந்தப் பார்வையெல்லாம் ஒட்டினேன். சித்தப்பா கேப்பாருன்னு பயம். இப்ப வீடு வீடா இல்ல. உன் மஃப்ளர் நீளமாயிட்டே போகுது, அதைப் பாத்தா எனக்கு அழுகை வருது." என்று சொல்லிவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் நிஜமாகவே அழுதார்.

உள்ளே போகிற பெண்களைப் பற்றிக் கத்திரியார் எப்போதும் ஒன்று சொல்வார். கொஞ்ச நாள் போனால் தலைக்கு மேல் கேமரா இருப்பதையே மறந்துவிடுவார்கள், அதற்குப் பிறகுதான் நமக்கு வேட்டை என்பார். படங்கள் திருட்டுப் போகக்கூடாது என்பதற்காக எடிட்டிங் அறையின் மேல் மூலையிலும் ஒரு கேமரா உண்டு. அதை மாட்டச் சொன்னவரே அவர்தான். ஏணியைப் பிடித்துக்கொண்டதும் அவர்தான். மறந்துவிட்டார்.

தயாரிப்பாளர் மறக்கவில்லை. பூந்தொட்டி நடந்த வாரமே, இந்த ஆளுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க அந்தக் கேமராப் பதிவைத் திறந்து பார்த்திருக்கிறார். கத்திரியார் திரையைப் பார்த்து "ஏம்மா, அந்த மஃப்ளரைக் கீழ இறக்கேன், தாலி கட்டின புருஷன் கேக்கிறேன்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். தயாரிப்பாளருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விதிப்படி இரண்டு பேரையும் வெளியே அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் அவர் விதியைப் பார்க்கவில்லை, ஓட்டுக் கணக்கைப் பார்த்தார். நான் போட்ட விதிதானே என்று அதை அவரே தூக்கிப் போட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

கடைசி நாள் வந்தது. அன்றைய நிகழ்ச்சியைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிக் கத்திரியாருக்குத் தயாரிப்பாளர் லீவு கொடுத்துவிட்டார். சித்தப்பா தன் வீட்டுக்கு உறவுக்கூட்டம் மொத்தத்தையும் அழைத்திருந்தார். பெரிய டிவி. சோபாவில் இடமில்லாமல் தரையில், நாற்காலிக் கைப்பிடியில், ஜன்னல் திண்டில் எல்லாம் ஆட்கள். கத்திரியாரை நடுவில் உட்காரவைத்தார்கள். டீச்சரின் புருஷன் அல்லவா. அவரும் இளநீலச் சட்டையோடு கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்கார்ந்தார். அவள் ஜெயித்துவிட்டால் மானம் கொஞ்சம் திரும்பும் என்று ஒரு கணக்கு.

தயாரிப்பாளர் திரையில் வந்தார்.

"இத்தனை நாளா இந்த வீட்டுல உங்களுக்குத் தெரியாம இன்னும் ஒருத்தர் இருந்தார். இன்னிக்கு அவரையும் பாக்கப் போறீங்க."

யார் அது என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். கத்திரியாரும் ஆவலாக முன்னால் சாய்ந்தார். திரை இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதியில் தனி அறையில் மனைவி. இன்னொரு பாதியில், மேலிருந்து எடுத்த ஒரு வழுக்கைத் தலை.

அந்தத் தலையை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று அவர் ஒரு நொடி யோசித்தது உண்மை.

"குளியலறைக் குழாய் சொட்டும். லேசா இடது பக்கம் தட்டணும்."

"தட்டிட்டேன்."

"வலது பக்கம் தட்டியிருந்தா இன்னும் கொட்டும்."

"கொட்டுது. சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல."

சித்தப்பா வீடு அதிர்ந்தது. சிரிப்பில் ஜன்னல் திண்டில் இருந்தவர் கீழே விழுந்தார், விழுந்த இடத்திலிருந்தே சிரித்தார். திரையில் கத்திரியார் மேஜையைக் குத்தினார், கையை உதறினார், சட்டைக் கணக்குச் சொன்னார், மன்னிப்புக் கேட்டார், அழுதார். நடுவில் யாருக்கோ கண் கலங்கியது, உடனே அடுத்த காட்சியில் மறுபடி சிரிப்பு. ஒரு இடத்திலும் வெட்டு இல்லாத மாதிரியே ஓடியது. சித்தப்பா மட்டும் சிரிக்காமல், கையை நீட்டி விரலை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டிருந்தார்.

"அழுமூஞ்சி. வாயாடி. பொண்டாட்டியைத் துரத்தப் பாத்திருக்கே, அதனால சதிகாரன். நீ சொன்ன ரகத்துல மூணு நீ ஒருத்தனே தேத்திட்டே. மினுக்கினது மட்டும் இன்னும் பாக்கல."

ஓட்டு முடிவு வந்தது. மனைவிக்குத்தான் கார். கண்டக்டர் அவளைக் கட்டிப்பிடித்து, "போலாம் ரைட்" என்றாள். ஊர் முழுக்க அது கேட்டிருக்கும், டிவி இல்லாத வீட்டிலும்.

கொஞ்ச நேரம் கழித்து வாசலில் ஹாரன் கேட்டது. கூட்டம் மொத்தமும் வெளியே ஓடியது. புதுக் காரை மனைவி ஒரே திருப்பில், சுவருக்கும் சித்தப்பாவின் ஸ்கூட்டருக்கும் நடுவில், அளவெடுத்த மாதிரி நிறுத்தினாள். இறங்கினாள். கத்திரியார் இரண்டடி முன்னால் வைத்தார், ஓரடி பின்னால் வைத்தார்.

"வந்துட்டியா?"

"வந்துட்டேன். குழாய் சரியாச்சா?"

"ஆள் கூட்டி வந்து பாத்தேன். அவன் இடது பக்கம் தட்டினான். நின்னுடுச்சு."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் கத்திரியாருக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. இத்தனை நாள் திரையில் பார்த்துப் பார்த்து ஏங்கிய முகம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதோடு அவர் அமைதியாகக் காரில் ஏறியிருக்கலாம். ஆனால் சுற்றிலும் உறவுக்கூட்டம் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. போன மானத்தைக் கொஞ்சமாவது பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டாமா?

"டிரைவிங் ஸ்கூல் எப்ப திறக்கிறே?" என்று சித்தப்பா அவளைக் கேட்டார்.

"அடுத்த வாரம் மாமா. நர்ஸும் கண்டக்டரும்தான் முதல்ல கத்துக்க வர்றாங்க."

கத்திரியார் தொண்டையைச் செருமிக்கொண்டு நடுவில் புகுந்தார்.

"சித்தப்பா, நீங்க எல்லாரும் ஒண்ணைப் புரிஞ்சுக்கணும். டிவில பாத்தீங்களே, அது நான் இல்ல. நான் இந்தத் தொழில்லயே இருக்கிறவன், எனக்குத் தெரியாதா? எல்லாம் அங்க கொஞ்சம் இங்க கொஞ்சம் வெட்டி ஒட்டினது. முழுசாப் பாத்தாத்தான் ஒரு மனுஷனைப் பத்தி முடிவு பண்ணணும்."

கூட்டம் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தது. சித்தப்பாவும் பார்த்தார். அவள் கணவனைப் பாவமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆமா மாமா, அவர் சொல்றது நிஜம்தான். நிறைய வெட்டியிருக்காங்க" என்றாள்.

கத்திரியார் மார்பு நிமிர்ந்தது. "கேட்டுக்கோங்க," என்றார் கூட்டத்தைப் பார்த்து.

"நேத்து எனக்குப் போட்டுக் காட்டி, முழுசாப் போடறோம்னுதான் சொன்னாங்க," என்றாள் அவள். "நான்தான் கால்ல விழாத குறையாக் கெஞ்சி, இவர் மினுக்கினதை எல்லாம் வெட்டச் சொன்னேன்."